ஏழு பூ மாலையும் ஃபெர்மாவின் தேற்றமும்

[காட்சி: கோணேசர் கோவிலுக்கு ஏறும் பாதை. தட்டில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும்.]

திருகோணமலைக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில், பூ விற்கும் ஓர் அக்காவிடம் ஏழு பூவில் ஒரு சிறு மாலை கேட்டேன். நான்கு சிவப்பு, மூன்று வெள்ளை. நூலின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு வளையமாக்கித் தந்தார்.

"இதில் முதல் பூ எது அக்கா?"

"மாலைக்கு ஏது தம்பி முதல் பூ? சுற்றிவிட்டால் எல்லாம் ஒன்றுதானே."

முதுகலை மாணவர்களின் கணிதக் கருத்தரங்குகளில் நான் அதிகம் கேட்க விரும்புவது இப்படி ஒரு தொடக்கத்தைத்தான். என்னுடைய முதல் உரையில் குலம் (group) என்ற கணிதக் கருத்தின் வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பேசவே தொடங்கினேன். பத்து நிமிடத்துக்குள் முன்வரிசையில் பேனாக்கள் மூடப்பட்டுவிட்டன. அன்று கையில் ஒரு மாலை இருந்திருக்க வேண்டும்.

[காட்சி: மேசையில் நேராக நீட்டிய நூல், ஏழு பூக்கள்.]

முடிச்சுப் போடும் முன் எண்ணுவோம். ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு அல்லது வெள்ளை. ஏழு இடங்கள். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 வரிசைகள். இனி முடிச்சைப் போடுங்கள். பூக்களின் முகம் எப்போதும் முன்பக்கமே இருக்கும். ஆகவே மாலையைப் புரட்டுவதில்லை, சுழற்றுவது மட்டும்தான். சுழற்றினால் ஒன்றாகிவிடும் வரிசைகளை ஒரே குடும்பமாகக் கொண்டால், வெவ்வேறு மாலைகள் எத்தனை?

[காட்சி: மாலை ஒவ்வொரு பூவாக நகர்கிறது. அருகில் ஏழு வரிசைகள்.]

முழுச் சிவப்பு மாலை, முழு வெள்ளை மாலை இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். அவற்றை எப்படிச் சுழற்றினாலும் மாற்றமில்லை. மீதி 126 வரிசைகள். இவற்றில் எதை எடுத்தாலும் அதன் குடும்பத்தில் சரியாக ஏழு பேர் இருப்பார்கள் என்கிறேன். ஏன்?

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு மாலையை மூன்று பூ நகர்த்தியதும் பழைய தோற்றமே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்னும் மூன்று நகர்த்தினாலும் அதே தோற்றம்தான். இப்படி ஐந்து முறை நகர்த்தினால் மொத்தம் பதினைந்து பூ. பதினான்கில் மாலை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். மிஞ்சுவது ஒரு பூ. ஆக, ஒரே ஒரு பூ நகர்த்தினாலும் தோற்றம் மாறாது. பக்கத்துப் பூவும் அதே நிறம், அதற்கு அடுத்ததும் அதே நிறம். மாலை முழுவதும் ஒரே நிறமாகிவிடுகிறது! ஆனால் அவற்றைத்தான் முன்பே ஒதுக்கிவிட்டோமே. மூன்றுக்குப் பதிலாக இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு எதை எடுத்தாலும் கதை இதேதான், ஏனென்றால் ஏழு ஒரு முதன்மை எண்.

எனவே 126, ஏழேழாகப் பிரிகிறது: 18 குடும்பங்கள். ஒதுக்கிய இரண்டையும் சேர்த்தால் மாலைகள் 20.

மாலைகளை எண்ணத்தான் புறப்பட்டோம். வழியில் வேறொன்றும் கிடைத்துவிட்டது: இரண்டின் ஏழாம் வலுவிலிருந்து இரண்டைக் கழித்தால் ஏழால் மீதியின்றி வகுபடும். ஏழின் இடத்தில் எந்த முதன்மை எண்ணையும், இரண்டின் இடத்தில் எத்தனை நிறங்களையும் வைக்கலாம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியேர் டி ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் நிறுவல் இல்லாமல் எழுதிய தேற்றம் இது. 1736-இல் ஒயிலர் நிறுவினார். இப்படி வட்டமாகச் சுழற்றிக் காட்டும் நிறுவலைச் சொலமன் கோலொம் 1956-இல் எழுதினார். தேற்றம் முழுக்க எண்களைப் பற்றியது. நிறுவலோ ஒரு வளையத்தைச் சுழற்றுவது. அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடங்கள் அதிகமில்லை, எனக்கு இதைவிடப் பிடித்த நிறுவலும் இல்லை.

[காட்சி: ஆறு பூ மாலை, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி.]

ஒரு பூவை உருவிவிட்டு ஆறு பூவில் முயலுங்கள். 64-இலிருந்து 2 போனால் 62. ஆறால் வகுபடாது. காரணம் திரையிலேயே இருக்கிறது: சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று கோத்த மாலை இரண்டே நகர்த்தலில் பழைய தோற்றத்துக்கு வந்துவிடுகிறது. அதன் குடும்பத்தில் இருவர் மட்டுமே.

இதற்கும் வழி உண்டு. ஆறு சுழற்சிகளையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றும் மாற்றாமல் விடும் வரிசைகளை எண்ணுங்கள். சுழற்றாமல் விட்டால் 64. ஒன்று நகர்த்தினால் 2, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 8, நான்குக்கு 4, ஐந்துக்கு 2. கூட்டினால் 84. ஆறால் வகுத்தால் 14 மாலைகள். இந்த முறைக்குக் கணிதவியலாளர் பர்ன்சைட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் 1897-இல் வெளியிட்ட நூலில் அதை இன்னொரு கணிதவியலாளரான ஃப்ரொபீனியஸுக்கு உரியதாகவே சொல்லியிருந்தார்.

[காட்சி: கரும்பலகை, சுண்ணக்கட்டி.]

இப்போது வரைவிலக்கணத்தை எழுதலாம். இரண்டு சுழற்சிகளை அடுத்தடுத்துச் செய்தால் அதுவும் ஒரு சுழற்சியே. எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு சுழற்சி. ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கம் சுழற்றிச் சரிசெய்யலாம். மூன்றை எந்த விதமாகச் சேர்த்துப் பார்த்தாலும் விடை ஒன்றே. இந்த நான்கும் பொருந்தினால் அதுதான் குலம்.

வீட்டில் செய்து பார்க்க: செவ்வரத்தை, நந்தியாவட்டையுடன் மஞ்சள் பூ ஒன்றையும் சேர்த்து, மூன்று நிறங்களில் ஏழு பூ மாலைகளை எண்ணுங்கள். 315 வர வேண்டும்.