கடலுக்கும் காது உண்டு

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம். கடல் மாசு என்றதும் நமக்கு நினைவு வருவது பிளாஸ்டிக் பையும் எண்ணெய்க் கசிவும்தான். இன்று அவை இரண்டையும் விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது சத்தத்தைப் பற்றி.

வெளிச்சம் கடலுக்குள் சுமார் 200 மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய அணைந்துவிடும். ஒலிக்கு அந்தச் சிரமம் கிடையாது. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகிற ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் போகும். 1991 ஜனவரியில் வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞரின் குழு, இந்தியப் பெருங்கடலின் தெற்கே ஹேர்ட் தீவருகில் கருவிகளை நீருக்குள் இறக்கி ஒலி எழுப்பியது. அது அட்லாண்டிக்கில் இருக்கிற பெர்முடாவிலும் கேட்டது, அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் கேட்டது. இரை தேட, துணை தேட, குட்டியைக் கூப்பிட என்று கடல் உயிர்கள் காதையே நம்பியிருப்பதில் வியப்பென்ன?

அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் நாம் கப்பல் ஓட்டுகிறோம். புரொப்பெல்லர் வேகமாகச் சுழலும்போது அதன் இதழ்களில் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. கப்பல் சத்தத்தில் பெரும்பங்கு அதுதான். கலிபோர்னியா கடலில் 1960களின் நடுவில் ஒரு முறையும் 2003-04இல் அதே இடத்தில் இன்னொரு முறையும் அளந்து பார்த்தார்கள். தாழ்ந்த அதிர்வெண் ஒலி 10 முதல் 12 டெசிபல் கூடியிருந்தது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்று பொருள். ஊரில் கோயில் கொடைக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டினால் வீட்டுக்குள் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது அல்லவா? நமக்கு அது மூன்று நாளில் அவிழ்ந்துவிடும். பெருந்திமிங்கிலங்களுக்குக் கொடை முடிவதே இல்லை.

சரி, அந்தச் சத்தம் திமிங்கிலத்தை வருத்துகிறது என்று எப்படித் தெரியும்? கடலை நிறுத்திவைத்துச் சோதனை செய்ய முடியாதே! ஆனால் ஒரு முறை நின்றது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வட அமெரிக்கக் கடலில் கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்தது. அந்த நேரத்தில் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் ஒரு குழு ரைட் என்ற பெருந்திமிங்கில இனத்தின் ஒலியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. இன்னொரு குழு, ரோசலிண்ட் ரோலண்ட் தலைமையில், அதே திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது. (பின்னாளில் அந்தச் சாணத்தைத் தேடிப் பிடிக்கப் படகின் முனையில் மோப்ப நாயையே நிறுத்தினார்கள். ஆராய்ச்சி என்றால் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும்தான் என்று யார் சொன்னது?) இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். கடலில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கிய அந்த நாட்களில், சாணத்தில் மன அழுத்த ஹார்மோனின் அளவும் இறங்கியிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளின் அதே செப்டம்பரில் அந்த இறக்கம் இல்லை. அதாவது, அந்தத் திமிங்கிலங்கள் அன்றாடம் பதற்றத்திலேயே இருந்திருக்கின்றன. யாரும் கவனிக்கவில்லை.

திமிங்கிலம் என்றால் நாம் எல்லோரும் உருகிவிடுவோம். எனக்கு அதைவிடக் கவலை கடலின் சின்ன உயிர்கள்மேல்தான். கடலடியில் எண்ணெய் தேடுவதற்கு ஏர்கன் என்ற கருவியால் அழுத்தக் காற்றை வெடிப்பார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா அருகே நடந்து, 2017இல் முடிவு வெளியான சோதனையில், ஒரே ஒரு ஏர்கன்னின் வெடிப்பு 1.2 கிலோமீட்டர் தொலைவுவரை மிதவை உயிரிகளை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து வாழும் பிளாங்க்டன்களை, கொன்றதாகக் கண்டார்கள். இறால் போன்ற கிரில் என்ற உயிரியின் குஞ்சுகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் நார்வேயில் வேறொரு மிதவை உயிரியை வைத்துச் செய்து, 2019இல் முடிவு வெளியான சோதனையில் பாதிப்பு 10 மீட்டருக்குள்ளேயே முடிந்துவிட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரு ஆய்வை மட்டும் பிடித்துக்கொண்டு கொடி பிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டையும் சொல்கிறேன்.

அப்புறம் பவளப்பாறை. நல்ல பாறைக்குப் பக்கத்தில் நீருக்குள் காது கொடுத்தால், எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஓயாத சடசடப்பு கேட்கும். கொடுக்கைப் படாரென்று மூடும் ஒரு வகை இறால்களின் வேலை அது. மீன்குஞ்சுகள் திறந்த கடலிலிருந்து திரும்பும்போது இந்த ஒலியைக் கேட்டுத்தான் குடியேற இடம் பார்க்கின்றன. 2016, 2017இல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துப்போனதில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு அடி வாங்கியதும் அந்தப் பாறைகள் வாயடைத்துப் போயின. டிம் கார்டன், ஸ்டீவ் சிம்ப்சன் முதலிய ஆய்வாளர்கள் லிசார்டு தீவருகே உடைந்த பவளத்தைக் குவித்து, ஒலிபெருக்கி வைத்து, நல்ல பாறையின் பழைய ஒலிப்பதிவை 40 நாள் ஓடவிட்டார்கள். ஒலியில்லாத குவியல்களைவிட அங்கே இரண்டு மடங்கு மீன் வந்து சேர்ந்தது. கரீபியன் கடலில் பவளக் குஞ்சுகளிடமே இதைச் செய்து பார்த்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். காதே இல்லாத அவையும் நல்ல பாறையின் ஒலி கேட்ட இடத்தில் சராசரியாக 1.7 மடங்கு அதிகமாக ஒட்டிக்கொண்டன. இதனால் ஸ்பீக்கர் வைத்துப் பவளத்தை மீட்டுவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். தண்ணீர் சூடாகிக்கொண்டே இருந்தால், வந்து குடியேறியதும் சாகத்தான் செய்யும்.

நான் சொல்ல வந்தது இதுதான். பிளாஸ்டிக்கை இன்றைக்கே நிறுத்தினாலும் போட்டது கடலில் கிடக்கும். கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும். சத்தம் அப்படியில்லை. எஞ்சினை நிறுத்தினால் அந்த நிமிடமே இல்லை. இத்தனை சுலபமாகத் தீரக்கூடிய கேடு கடலில் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. நிறுத்தக்கூட வேண்டாம், வேகத்தைக் குறைத்தாலே போதும். கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017இல் அருகிலுள்ள ஹேரோ நீரிணையில் கப்பல்களை 11 நாட் (மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்) வேகத்தில் போகக் கேட்டுக்கொண்டது. கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் பெரும்பாலான கப்பல்கள் இணங்கின. அங்கே சால்மன் மீனை வேட்டையாடும் ஓர்க்கா என்ற கொலைத் திமிங்கிலங்கள் கேட்கிற ஒலியின் ஆற்றல் கணிசமாகக் குறைந்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் கப்பல் சத்தத்தைக் குறைக்க 2014இல் வழிகாட்டுதல் எழுதி 2023இல் திருத்தியது. அதுவும் விருப்பப்பட்டால் பின்பற்றுகிற வகைதான். தாமதம் காசு என்பதால் எத்தனை நிறுவனங்கள் விருப்பப்படும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நம் கரைக்கும் இந்தக் கேள்வி வந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கான நிதித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. காற்றாலை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் தூண்களைக் கடலடியில் சம்மட்டியால் அடித்து இறக்கினால், அந்த அதிர்வு பெரிதாக இருக்கும். ஜெர்மனியில் இதற்கு வரம்பு உண்டு: 750 மீட்டர் தள்ளி அளந்தால் ஓர் அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதற்காகவே தூணைச் சுற்றித் துளையிட்ட குழாயைப் போட்டுக் காற்றை ஊதி, குமிழித் திரை எழுப்புகிறார்கள். இங்கே சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை மக்கள் கருத்துக்கு வரும்போது, மீனவச் சங்கங்களும் நீங்களும் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது, அதில் இப்படி ஒரு டெசிபல் வரம்பு எழுதியிருக்கிறதா, அதை யார் எங்கே நின்று அளப்பார்கள் என்பதைத்தான்.