கூர்மையான குண்டு யானையிடம் ஏன் தோற்கிறது?

[திரையில்: இரண்டு துப்பாக்கிக் குண்டுகள். ஒன்று ஊசி முனை. மற்றொன்று தட்டை முனை.]

பாய்ந்து வரும் யானையின் எதிரே நிற்கிறீர்கள். இந்த இரண்டில் எதை எடுப்பீர்கள்? வீடியோவை நிறுத்திவிட்டுக் கமெண்டில் எழுதுங்கள். ஊசி முனை என்று எழுதியவர்கள் இப்போதே ஓடத் தொடங்கலாம்.

பின்னணி இரண்டே வரி. மென்முனைக் குண்டு பட்டதும் காளான்போல் விரியும். சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் அது. திடக்குண்டு விரியாமல் ஆழமாகத் துளைக்கும், யானைக்கு அது. காட்டெருமைக்கு முதல் குண்டு விரிவது, அடுத்தவை திடக்குண்டு என்று நிரப்புகிறவர்கள் பலர். கேலிபர், அதாவது குழலின் உள்விட்டம் பற்றிய சண்டைக்கு நான் வரவில்லை: பல ஆப்பிரிக்க நாடுகளில் இத்தகைய ஆபத்தான விலங்குகளுக்கு .375 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

இனிதான் விஷயம். குழலின் உட்புறத் திருகுவரிகள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. காற்றில் நேராகப் பறக்க அந்தச் சுழற்சி போதும். சதையோ காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அங்கே அது போதாது. ஊசி முனைக் குண்டின் கனம் பின்பக்கம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அந்தக் கனம் முன்னே வரப் பார்க்கும். குண்டு குட்டிக்கரணம் அடித்து வழி மாறும். மூளைக்கென்று கிளம்பியது வேறெங்கோ போய்ச் சேரும்.

[திரையில்: தட்டை முனை, மெதுவான ஓட்டத்தில்.]

இதைப் பாருங்கள். தட்டை முனை எதிரே உள்ளதைப் பக்கவாட்டில் வீசியெறிந்து, தன்னைச் சுற்றிக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு குழியை உண்டாக்கிக்கொள்கிறது. குண்டின் உடலை எதுவும் உரசுவதில்லை. சற்றே சாய்ந்தால், முனையின் விளிம்பில் விழும் அழுத்தமே அதை நிமிர்த்திவிடும். மொட்டையாக இருப்பதுதான் அதன் சாமர்த்தியம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

யானைக்கு இந்த நேர்வழி ஏன் அவ்வளவு முக்கியம்? அதன் மண்டையோடு பெரிது; உள்ளே காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளை அதற்குள் வெகு பின்னால் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான யானை வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் யானை மண்டையோட்டை ரம்பத்தால் நெடுக அறுத்து மூளையின் இடத்தைப் படித்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அந்தக் கணக்கு எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பெரும்பாலானவற்றுக்கு அவர் பயன்படுத்தியது வெறும் 7 மி.மீ. துப்பாக்கி, 11 கிராம் எடையுள்ள நீண்ட, மழுங்கிய முனைத் திடக்குண்டு. யானை வேட்டைக்கென்றே பெயர்பெற்ற பெரிய .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டு 32 கிராம். ஆனால் பெல்லின் கையும் அமைதியும் நமக்கு இல்லை. அவரைப் பார்த்துச் சின்னத் துப்பாக்கி வாங்க வேண்டாம்.

தட்டை முனைக்கும் ஒரு குறை உண்டு. கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட் துப்பாக்கியில், மேகசின் என்ற தோட்டாப் பெட்டியிலிருந்து குழலின் பின்பக்க அறைக்குள் ஏறும்போது அந்த விளிம்பு சில நேரம் முட்டி நின்றுவிடும். அதனால் விவரமானவர்கள் புறப்படும் முன்பே மேகசினை நிரப்பி, எல்லாத் தோட்டாக்களும் வேகமாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துவிடுவார்கள். இரட்டைக்குழலில் தோட்டாவைக் கையாலேயே போடுவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டு குண்டோடு சரி. போல்ட்டா, இரட்டைக்குழலா? கமெண்டில் சண்டை போடுங்கள், படிக்கிறேன்.