ஊர் வளர்த்த பிள்ளைகள்

எல்லோருக்கும் வணக்கம்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடக்கும் ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கில் 2017–18 பருவம் என்றதும் எல்லோருக்கும் ஒரு பேருந்து விபத்துதான் நினைவுக்கு வரும். நானும் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அந்த லீக் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஹம்போல்ட் என்ற ஊர் எதை இழந்தது என்பது புரியும்.

மொத்தம் 12 அணிகள், பெரும்பாலும் சின்ன ஊர்கள். ஹம்போல்டின் மக்கள்தொகையே சுமார் 6,000தான். ஆடுகிறவர்கள் 16 முதல் 21 வயதுப் பையன்கள். சம்பளம் கிடையாது. பலர் வேற்றூர்க்காரர்கள், பக்கத்து ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்தும் வருவார்கள். உள்ளூர்க் குடும்பம் ஒன்று வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, சாப்பாடு போட்டு, பருவம் முடியும்வரை அந்தப் பையனைத் தன் பிள்ளையாகவே வைத்துக்கொள்ளும். பில்லட் குடும்பம் என்பார்கள். அந்த வீட்டுச் சின்னக் குழந்தைகளுக்கு அவன் அண்ணன். ஆக, ஆட்டம் பார்க்க வருகிற அம்மாக்களில் பலருக்கு அங்கே ஆடுவது சொந்தப் பிள்ளை மாதிரிதான்.

அப்புறம் பேருந்து. வடக்கே ஃபிளின் ஃபிளான் அணி, தெற்கே எஸ்டவன் அணி. இரண்டுக்கும் நடுவே 800 கிலோமீட்டருக்கு மேல். பனிக்காலம் முழுக்க இந்தப் பையன்கள் பேருந்திலேயே தூங்கி, படித்து, சீட்டாடி வளர்கிறார்கள்.

2018 ஏப்ரலில் ஹம்போல்டின் அணியான பிராங்கோஸ் அரையிறுதித் தொடரில் நிபவின் ஊரின் ஹாக்ஸ் அணியுடன் மோதிக்கொண்டிருந்தது. நான்காவது ஆட்டம் மூன்று கூடுதல் நேரம்வரை இழுத்து, கடைசியில் நிபவின் ஜெயித்தது. தொடரில் நிபவின் 3–1 என்று முன்னிலை. ஹம்போல்ட் இனி ஒன்றில் தோற்றாலும் அதன் பருவம் முடிந்துவிடும். ஐந்தாவது ஆட்டத்துக்காக ஏப்ரல் 6 அன்று நிபவினுக்குக் கிளம்பினார்கள். ஆர்ம்லி அருகே சந்திப்பில், நிறுத்தப் பலகையைத் தாண்டி லாரி ஒன்று குறுக்கே வந்தது, பேருந்து அதன்மேல் மோதியது. பேருந்தில் இருந்த 29 பேரில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் ஆட்டக்காரர்கள். பயிற்சியாளர் டார்சி ஹாகனும், ஆட்டத்தை நேரலையில் சொல்லப் போன வானொலி அறிவிப்பாளரும் போய்விட்டார்கள்.

ஒரு விஷயத்தை என்னால் கடந்து போக முடியவில்லை. பருவக் கடைசியின் பிளே ஆஃப் (வெளியேற்றுச் சுற்று) உற்சாகத்தில் பையன்கள் எல்லோரும் தலைமுடிக்கு ஒரே மாதிரி மஞ்சள் சாயம் பூசியிருந்தார்கள். ஒரே வயது, ஒரே உடல்வாகு, ஒரே முடி. அதனால் அடையாளம் மாறிப்போனது. மகன் பிழைத்துவிட்டான் என்று நம்பியிருந்த குடும்பத்துக்கு, இறந்தது அவன்தான் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. மகனை இழந்துவிட்டோம் என்று அழுத குடும்பத்தின் பிள்ளை மருத்துவமனையில் உயிரோடு இருந்தான். அந்த இரண்டு வீடுகளையும் நினைத்துப் பாருங்கள்.

கனடா முழுக்க மக்கள் வாசலில் ஹாக்கி மட்டையைச் சாய்த்து வைத்து விளக்கேற்றினார்கள். 1.5 கோடி டாலருக்கு மேல் நிதி சேர்ந்தது. லோகன் பூலே என்ற தடுப்பாட்டக்காரர் சில வாரங்களுக்கு முன்புதான், தன் 21ஆவது பிறந்தநாளையொட்டி உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருந்தார். அவர் உறுப்புகள் ஆறு பேருக்குப் போயின. செய்தி பரவியதும் ஒரு லட்சத்தை ஒட்டிய கனடியர்கள் பதிவு செய்தார்கள். சஸ்காச்சுவானில் 2019 மார்ச் முதல் லாரி ஓட்டுநர்களுக்கு 121.5 மணி நேரப் பயிற்சி கட்டாயமானது. அதுவரை அப்படி ஒரு விதியே இல்லை என்பதுதான் கொடுமை.

லீக் பருவத்தை நிறுத்தவில்லை. 2018 ஏப்ரல் 14இல் நிபவினும் எஸ்டவன் புரூயின்ஸும் இறுதித் தொடரைத் தொடங்கின. இந்தத் துக்கத்தில் ஆட வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆடியது சரி என்பதே என் எண்ணம். நிபவின் பையன்களும் அதே வயதுக்காரர்கள்தான். விபத்து நடந்த அன்று எதிரணிக்காக அரங்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்தப் பாரத்தோடு ஆடி, கோப்பையையும் வென்றார்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

ஹம்போல்டும் அடுத்த பருவத்துக்குப் புது அணியைத் திரட்டியது. பில்லட் குடும்பங்கள் மறுபடியும் கதவைத் திறந்தன. 2018 செப்டம்பர் 12 அன்று ஹம்போல்டின் எல்கர் பீட்டர்சன் அரங்கில் முதல் ஆட்டம், அதே நிபவினுக்கு எதிராக. விபத்தில் பிழைத்த பிரேடன் கேம்ரட்டும் டெரெக் பாட்டரும் பிராங்கோஸ் உடையில் மறுபடி களமிறங்கினார்கள். நிபவின் 2–1 என்று ஜெயித்தது.