தூங்க வைக்காத பாட்டு

வணக்கம் நேயர்களே. நேபாளத்தில் ஒரு பாடகி இருக்கிறார். மழித்த தலை, கருஞ்சிவப்பு அங்கி, புத்தத் துறவி. பெயர் அனி சோயிங் டோல்மா. பெயர் புதிதாக இருக்கலாம். குரலை நீங்கள் எங்கேயோ கேட்டிருப்பீர்கள், யாருடையது என்று தெரியாமலே. நம் ஏ.ஆர்.ரஹ்மானோடும் பாடியிருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை வானொலியை அணைத்துவிடாதீர்கள். முதலில் என் பல்வலியிலிருந்து தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் மெல்லிய சத்தத்தில் பாட்டு. மீன்தொட்டி, ஏசி, வாசனைத் திரவியம், அதோடு ஒரு பெண்குரல். இரண்டு வரியிலேயே தெரிந்துவிட்டது, அனி சோயிங். டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம், "இது என்ன பாட்டும்மா?" என்று கேட்டேன். "ரிலாக்ஸ் மியூசிக் ஆன்ட்டி. பேஷண்ட் எல்லாம் பயப்படாம இருக்கணும்னு போடுறோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்தால் வலி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் என்றால், அப்போது ஓடிக்கொண்டிருந்தது 'சோ' வகைப் பாட்டு. 'சோ' என்றால் திபெத்திய மொழியில் வெட்டுவது. மாச்சிக் லாப்ட்ரோன் என்று ஒரு பெண், 11, 12ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர், அவர் வகுத்த வழி அது. சுடுகாடு மாதிரி பயம் தரும் இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். ஒரு கையில் தமரு, நம் உடுக்கைக்கு உறவுக்காரன். இன்னொரு கையில் மணி. தொடை எலும்பில் செய்த ஊதுகுழலும் உண்டு. பாடிக்கொண்டே, மனதுக்குள் தன் உடம்பைத் தானே வெட்டிக் கூறுபோட்டு, இருக்கிற பேய் பிசாசையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். வெட்டுப்படுவது 'நான், நான்' என்கிற பிடிப்பு. திருவாலங்காட்டுப் பேய்க்கூட்டத்தைப் பாடிய காரைக்காலம்மையாரைப் படித்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் பாருங்கள், ஒரு பல்லைப் பிடுங்கவே பயந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு முழு உடம்பையும் வெட்டிக் கொடுக்கிற பாட்டைப் போட்டுக் காட்டுகிறோம், ரிலாக்ஸாக இருக்கட்டும் என்று!

இதுதான் என் நெடுநாள் ஆதங்கம். இந்தப் பெண்மணியின் பாட்டை மசாஜ் நிலையத்தில் போடுகிறார்கள், யோகா வகுப்பில் போடுகிறார்கள், தூக்கம் வராதவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். அது தூங்க வைக்கிற குரலே இல்லை. சரி, எனக்கு இவர் எப்படி அறிமுகம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2007இல் என் அத்தையை முக்திநாத் கூட்டிக்கொண்டு போனேன். முக்திநாத் உங்களில் பலருக்குத் தெரியும், ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம். அத்தைக்கு அப்போது 71 வயது. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், தினமும் திருப்பாவை சொல்லாமல் காபி குடிக்க மாட்டார். காத்மாண்டுவில் இறங்கி, பொக்காராவுக்கு வேனில் போய், அங்கிருந்து சின்ன விமானத்தில் ஜோம்சோம் போக வேண்டும். அந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் காற்று அடித்து நொறுக்கும், காலையில் மட்டும்தான் விமானம். அதுவும் மேகம் வந்தால் இல்லை. எங்களுக்கு மேகம் வந்தது. இரண்டு நாள் பொக்காராவில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அது போகட்டும், பாட்டு கேட்டது அதற்கு முன்னாலேயே, வேனில்.

காத்மாண்டுவிலிருந்து பொக்காரா 200 கிலோமீட்டர். திரிசூலி ஆற்றை ஒட்டியே மலைப்பாதை. வளைவுக்கு வளைவு அத்தை 'கோவிந்தா' என்கிறார். டிரைவர் தம்பி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறான். மூன்றாவது தடவை எனக்கே முணுமுணுக்க வந்துவிட்டது. என்ன பாட்டு என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். அவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, ஐயோ, அந்தப் பாதையில் கையை எடுத்து விளக்குகிறான்: பூவின் கண்ணுக்கு உலகமே பூ, முள்ளின் கண்ணுக்கு உலகமே முள். 'பூல்கோ ஆங்காமா' என்று பாட்டுக்குப் பெயர். நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். அத்தை யோசிக்கவே இல்லை. "இது நம்ம தருமன் கதைடீ" என்றார்.

தருமன் கதை தெரியுமில்லையா? கண்ணன் துரியோதனனைக் கூப்பிட்டு, ஒரு நல்லவனைத் தேடிக் கொண்டுவா என்றான். தருமனைக் கூப்பிட்டு, ஒரு கெட்டவனைத் தேடிக் கொண்டுவா என்றான். இரண்டு பேரும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். அதைத்தான் அந்த நேபாளிப் பாட்டு இரண்டே வரியில் வைத்திருக்கிறது. எழுதியவர் துர்காலால் சிரேஷ்டா என்ற நேவாரி மொழிக் கவிஞர். இசை நியூ பஜ்ராச்சார்யா. அனி சோயிங் பாட்டெழுதுகிறவர் இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். மடத்தில் அவர் பாடுவதெல்லாம் பழைய குருமார்கள் செய்துவைத்த துதிகள். ஆனால் 2004இல் வந்த இந்தப் பாட்டு இன்றைக்கும் அவருடைய பாட்டுதான், நேபாளத்தில் யாரைக் கேட்டாலும்.

2004 என்றால் என்ன காலம்? 1996இல் தொடங்கிய உள்நாட்டுச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். அது 2006இல் முடிவதற்குள் 13,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நாங்கள் போனபோதும் வழியில் வேனை நிறுத்திச் சோதனை போட்டார்கள். துப்பாக்கியோடு ஒரு பையன் உள்ளே எட்டிப் பார்க்கிறான், உள்ளே பாட்டு ஓடுகிறது, உலகமே பூ என்று. அவன் உதடும் அசைந்தது, நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தார்.

திரும்பி வரும்போது காத்மாண்டுவில் பௌத்நாத் என்ற பெரிய புத்தத் தூபியைச் சுற்றினோம். கடைக்குக் கடை இவர் குரல்தான். ஒரு கடையில் சிடி வாங்கினேன். 'அனி' என்றால் என்ன என்று கேட்டேன். பெண் துறவிகளை அப்படி அழைப்பார்களாம், அப்பாவின் கூடப்பிறந்தவளையும் ஏறக்குறைய அப்படியே அழைப்பார்களாம். ஆக, அத்தை! என் அத்தைக்கு ஒரே பெருமை. உடனே ஒரு சந்தேகமும் வந்தது. "சந்நியாசிக்குப் பாட்டுக் கச்சேரி எதுக்குடீ?" என்றார். நாலு அடி நடந்ததும் அவரே, "ஆண்டாள் பாடலையா என்ன" என்று சொல்லிக்கொண்டார்.

ஆனால் அத்தை கேட்டது சரியான கேள்விதான். பௌத்தத்தில் இளந்துறவிகள் ஏற்கும் பத்துச் சீலங்களில் ஆடல் பாடல் கேளிக்கையை விலக்குவதும் ஒன்று. துதிகளை ராகமாகச் சொல்வது வேறு, மேடை ஏறி டிக்கெட்டுக்குப் பாடுவது வேறு என்பார்கள் ஆசாரமானவர்கள். அனி சோயிங் மீதும் அந்தப் பேச்சு வந்தது. அவர் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று தெரிய அவருடைய சின்ன வயதுக்குப் போக வேண்டும்.

1971இல் காத்மாண்டுவில் பிறந்தார். பெற்றோர் திபெத்திலிருந்து வந்த அகதிகள். அப்பா அடிப்பார். சும்மா ஒரு அடி இரண்டு அடி இல்லை. அம்மா படுவதைப் பார்த்து, கல்யாணமே வேண்டாம் என்று அந்தக் குழந்தை முடிவுகட்டியது. கல்யாணத்திலிருந்து தப்ப அந்த ஊர்ப் பெண்ணுக்கு இருந்த ஒரே கதவு மடம். 13 வயதில் நாகி கோம்பா என்ற பெண்கள் மடத்துக்குப் போனார். காத்மாண்டு பள்ளத்தாக்குக்கு வடக்கே சிவபுரி மலைச்சரிவில் இருக்கிறது. ஞானம் தேடிப் போனார் என்று அழகாக எழுதுகிறவர்கள் உண்டு. அவரே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அடிக்குத் தப்பித்துத்தான் போனேன் என்கிறார்.

அங்கே குரு, துல்கு உர்க்யென் ரின்போச்சே. 1996இல் மறைந்தார். பெரிய தியான ஆசான், உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி அந்த மலைக்கு வருவார்கள். குருவின் மனைவியும் மடத்தில் ஓதல் சொல்லிக்கொடுத்தவரும் அனி சோயிங்குக்குத் துதிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். குருவைத் தேடி வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் டிபெட்ஸ், அமெரிக்கக் கிதார்க் கலைஞர். 1994இல் சாதாரண கேசட் ரெக்கார்டரில் இவர் பாடுவதைப் பதிவு செய்துகொண்டு போனார். அதிலிருந்து 1997இல் 'சோ' என்று ஒரு ஆல்பம். ஆமாம், அதே வெட்டுகிற 'சோ'. அப்புறம் அமெரிக்காவில் கச்சேரிகள், பிறகு ஊர் ஊராக.

இப்போது அந்தக் குரலை மறுபடி கேட்டுப் பாருங்கள். அதில் நடுக்கம் கிடையாது, குழைவும் அதிகம் கிடையாது. மூச்சைப் பிடித்து ஒரே சுரத்தில் நிற்கிறார், அடி வாங்கிய பிள்ளை சுவரில் சாய்ந்து நிற்கிற மாதிரி. இது என் கற்பனையாக இருக்கலாம். ஆனால் கதை தெரிந்த பிறகு எனக்கு வேறு மாதிரி கேட்கவில்லை. மீன்தொட்டிக்குப் பக்கத்தில் போடுகிற பாட்டு இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பாடி வந்த பணத்தில் என்ன செய்தார்? 1998இல் பெண் துறவிகள் நலனுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2000இல் ஆரிய தாரா பள்ளி. இளம் பெண் துறவிகளுக்கு மந்திரத்தோடு கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் சொல்லித்தருகிற பள்ளி. ஆண் துறவிகளுக்குப் பெரிய படிப்பு, பெண் துறவிகளுக்கு அடுப்படியும் பூசை வேலையும் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. திபெத்தியப் பெண் துறவிகள் 20 பேர் முதல்முறையாக கெஷேமா என்ற உயர்ந்த தத்துவப் பட்டம் வாங்கியதே 2016இல்தான், அதுவும் நம் பக்கத்துக் கர்நாடகத்தில், முண்ட்கோட்டில்.

பள்ளிக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள், தாரா. தாரா என்ற அந்தப் பௌத்தப் பெண் தெய்வத்தின் கதை திபெத்தியர்களுக்கு மனப்பாடம். முன்னொரு காலத்தில் ஒரு இளவரசி, பெரிய தவசாலி. துறவிகள் அவளிடம், "அடுத்த பிறவியில் ஆணாகப் பிறக்க வேண்டிக்கொள், அப்போதுதான் மேலே போகலாம்" என்றார்கள். அவள் சொன்னாள்: ஆண், பெண் என்பதெல்லாம் வெறும் பெயர். ஆண் உடம்பில் ஞானம் தேட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் கடைசிவரை பெண் உடம்பிலேயே வருவேன். அவள்தான் தாரா. திபெத்திய மொழியில் தாராவுக்கு என்ன பெயர் தெரியுமா? டோல்மா. நம் பாடகியின் பெயர்! இதைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம், தாராவின் இருபத்தொரு வடிவங்கள்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். எழுதிக்கொண்டு வந்ததில் பாதி மிச்சம் இருக்கிறது. வேகமாகச் சொல்கிறேன். அவருடைய அம்மா சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதனால் சிறுநீரக நோயாளிகளுக்காக ஆரோக்ய பவுண்டேஷன் என்று ஒன்று நடத்துகிறார். 2014இல் யூனிசெஃப் அவரை நேபாளத்துக்கான நல்லெண்ணத் தூதராக்கியது, குழந்தைகள் மீதான வன்முறைக்கு எதிராகப் பேசுவதற்கு. யாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அப்புறம் ரஹ்மான். 2013இல் கோக் ஸ்டுடியோ நிகழ்ச்சியில் 'ஜரியா' என்ற பாட்டு. ஜோர்டானைச் சேர்ந்த ஃபரா சிராஜ் ஒரு பக்கம், பௌத்தத் துதியோடு அனி சோயிங் இன்னொரு பக்கம், நடுவில் ரஹ்மான். இவர் குரல் உள்ளே வருகிற அந்த இடத்தை விளக்க வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து குறிப்பு எடுத்து வந்தேன், இப்போது ஒரு விரலாகிவிட்டது. நீங்களே தேடிக் கேளுங்கள்.

இப்போது 'பூல்கோ ஆங்காமா' ஒலிக்கப்போகிறது. அத்தை இல்லை இப்போது, இருந்திருந்தால் தருமன் கதையை இன்னொரு தடவை சொல்லியிருப்பார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். வணக்கம்.