லேபிளைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கிய அந்த பேன்ட்

வணக்கம் மக்களே. ஊர் சுற்றிவிட்டு நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை, பின்னால் தெரிகிறதே அந்தத் துணிக் குவியல், அதுதான். பயண வீடியோவை நான் எப்போதும் ஒரு வாரம் ஆறப்போட்டுத்தான் போடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு வாரமெல்லாம் என்னால் பொறுக்க முடியாது, ஏனென்றால் போன மாதம் பெட்டி அடுக்கும் வீடியோவில் ஒரு பேன்ட்டைக் கையில் பிடித்துக் காட்டி, கோடைக்கு இதைவிட நல்லது கிடையாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் அதைக் கேட்டு வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். போன நகரம் எது, என்னென்ன பார்த்தேன் என்பதெல்லாம் தனி வீடியோ. இன்றைக்கு உடை மட்டும்.

இதோ, இதுதான் அந்த பேன்ட். மணல் நிறம். தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு, நூல் அங்கங்கே தடித்துத் தெரியும், யார் பார்த்தாலும் லினன் என்றுதான் சொல்வார்கள். வாங்கிய இடத்தில் மாட்டியிருந்த அட்டையிலும் பெரிய எழுத்தில் லினன் என்றுதான் இருந்தது, அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'போன்ற தோற்றம்' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. சரி, லேபிளைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். இடுப்புப் பட்டியில் இருந்த லேபிளில் அளவு மட்டும்தான் இருந்தது. துணி என்ன என்று சொல்கிற லேபிள் எங்கே இருக்கிறது பாருங்கள், இடது பக்கத் தையலுக்குள்ளே, இடுப்பிலிருந்து ஒரு சாண் கீழே, மடித்துத் தைத்திருக்கிறார்கள். கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன். பாலியெஸ்டர் 100 சதவீதம். இதை நான் படித்தது முதல் நாள் ராத்திரி, காலெல்லாம் சிவந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது.

அன்றைக்குக் காலை 8 மணிக்குக் கிளம்பும்போது ஒரு தொந்தரவும் இல்லை. காற்று இருந்தது, நிழலும் இருந்தது. 11 மணிக்கு டிக்கெட் வரிசையில் நின்றபோதுதான் முட்டிக்குப் பின்னால் ஒட்ட ஆரம்பித்தது. அப்புறம் ஒரு நீளமான படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கும் காலை மடக்கும்போது துணி தொடையோடு ஒட்டிக்கொண்டு இடுப்பைக் கீழே இழுக்கிறது, நான் ஒரு கையால் பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டே ஏறுகிறேன். மேலே போய்ச் சேர்ந்தபோது கோபுரமும் காட்சியும் என் கண்ணில் படவே இல்லை, உட்கார ஒரு நிழல் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அவ்வளவு தூரம் போய் ஒரு பேன்ட்டால் ஒரு நாளை இழந்தேன் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் எந்த ஊருக்கு என்ன உடுத்துவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். வெயிலில் நம் உடம்பு தன்னைக் குளிர்விக்க வியர்வையைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் வியர்த்தால் மட்டும் குளிராது, அந்த வியர்வை தோலில் இருந்து ஆவியாகிப் போகவேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே வியர்வை சொட்டிக் கீழே விழுந்தால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை, தண்ணீர்ச்சத்து போனதுதான் மிச்சம். அதனால் துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நடமாட வேண்டும், ஈரம் வெளியே போக வழி வேண்டும். பருத்தி இழை சாதாரணமாகவே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும், லினன் 12 சதவீதம் பக்கம் போகும். பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. அதை நெருக்கமாக நெய்துவிட்டால் ஈரத்துக்குப் போக்கிடமே இல்லை, உள்ளேயே நின்று நசநசக்கும்.

அதற்காகப் பாலியெஸ்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடுகிறவர்கள் போடும் டி-ஷர்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், அது பின்னல் துணி, கண் கண்ணாக ஓட்டை இருக்கும், ஈரத்தைப் பரப்பிச் சீக்கிரம் உலர்த்திவிடும். அதேபோல் பருத்தி என்று எழுதியிருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். என் அண்ணன் இந்தப் பயணத்துக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். ஜீன்ஸும் பருத்திதானே என்று காலையில் என்னிடம் வாதாடினார். மதியத்துக்குள் அது ஈரச் சாக்கு மாதிரி கனத்துவிட்டது, ராத்திரி துவைத்துப் போட்டது மறுநாள் காலையிலும் இடுப்புப் பட்டியில் ஈரமாகவே இருந்தது.

அதனால் இப்போது நான் துணியை ஊதிப் பார்க்கிறேன். பாருங்கள், ஒற்றை மடிப்பாகத் துணியை வாயருகே பிடித்து, மறுபக்கம் உள்ளங்கையை வைத்து, மெதுவாக ஊதுங்கள். இந்தப் பழைய காட்டன் பேன்ட்டில் ஊதினால் மூச்சு சுடச்சுட உள்ளங்கையில் படுகிறது. அந்த மணல் நிற பேன்ட்டில் ஊதுகிறேன், ஒன்றுமே வரவில்லை, மூச்சு திரும்பி என் மூக்கிலேயே அடிக்கிறது. கடையில் யாராவது பார்ப்பார்களே என்றெல்லாம் கூச்சப்படாதீர்கள், லேபிள் சொல்லாததை மூச்சு சொல்லிவிடும். உள்ளே லைனிங் இருந்தால் அதையும் சேர்த்து ஊதுங்கள். மேலே அருமையான பருத்தி, உள்ளே வழவழவென்று பாலியெஸ்டர் லைனிங் என்று எத்தனை பாவாடைகள், எத்தனை கவுன்கள்! தோலில் படுவது லைனிங்தான்.

விஸ்கோஸ், அதாவது ரேயான், அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். மரக்கூழில் இருந்து செய்வது, மெத்தென்று விழும், குளிர்ச்சியாக இருக்கும், எனக்குப் பிடிக்கும். மூங்கில் துணி என்று விற்பதும் பெரும்பாலும் இந்த விஸ்கோஸ்தான். ஒரே குறை, நனைந்தால் அதன் வலு குறைந்துவிடும், அதனால் விடுதியில் துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள்.

நிறம். வெயிலுக்கு வெள்ளை, கறுப்பு கூடவே கூடாது என்று நானே பழைய வீடியோக்களில் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். பாலைவனத்தில் வாழும் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி போடுவது ஏன் என்று ஒரு ஆய்வு 1980இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. கறுப்புத் துணி வெயிலில் வெள்ளையைவிட அதிகம் சூடாகிறது என்பது உண்மைதான், ஆனால் அங்கி தொளதொளவென்று இருப்பதால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வந்து சேராமல் காற்றோடு போய்விடுகிறது என்று கண்டார்கள். ஆக, இறுக்கமான வெள்ளையைவிடத் தொளதொளப்பு முக்கியம். உடம்போடு ஒட்டும் சட்டை என்றால் வெளிர் நிறமே போடுங்கள், அங்கே காற்றுக்கு இடமில்லை. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத நிறம் சாம்பல். ஒரு துளி வியர்வை பட்டாலும் கரும்புள்ளியாகத் தெரியும், போட்டோ எல்லாம் அக்குள்தான். வெள்ளையும் கருநீலமும் அந்த விஷயத்தில் மானம் காக்கும். இன்னொன்று, மெல்லிய வெள்ளை டி-ஷர்ட் போட்டுவிட்டால் வெயில் படாது என்று நம்பவேண்டாம். துணி எவ்வளவு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்பதற்கு யூபிஎஃப் என்று ஒரு அளவு இருக்கிறது. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் 5 முதல் 7 வரைதான், நனைந்தால் 3 பக்கம் இறங்கிவிடும். நாள் முழுக்க வெட்டவெளியில் சுற்றுவதென்றால் கொஞ்சம் நெருக்கமாக நெய்த, தொளதொளப்பான முழுக்கைச் சட்டை. கையில்லாத சட்டைதான் குளுமை என்று நினைத்த காலம் எனக்கும் இருந்தது, தோளில் நேராக வெயில் விழுந்து எரிந்த பிறகு அதை விட்டுவிட்டேன். வழிபாட்டு இடங்களுக்குள் போகும்போதும் தோளும் முட்டியும் மூடியிருந்தால் வாசலில் நின்று தவிக்கவேண்டாம்.

அய்யோ, தொடை உரசலைச் சொல்லாமல் வந்துவிட்டேன். முதல் நாள் கால் சிவந்தது என்றேனே, அது இதுதான். ஈரத் துணியும் ஈரத் தோலும் பத்தாயிரம் தடவை உரசினால் தோல் வழன்றுவிடும், அப்புறம் நடப்பதே நரகம். கிளம்புவதற்கு முன் வாஸ்லின் தடவிவிடுங்கள், தொடை உள்பக்கம், அக்குள், பெண்கள் என்றால் பிராவின் கீழ்ப் பட்டி படும் இடம். பாவாடை, கவுன் போடுகிறவர்கள் உள்ளே தொடை மூடும் நீளத்தில் மெல்லிய ஷார்ட்ஸ் போடுங்கள். எரிச்சல் வந்த பிறகு பவுடர் போட்டுச் சமாளிக்கப் பார்த்தேன், வியர்வையோடு சேர்ந்து கட்டி கட்டியாகிவிட்டது, இன்னும் மோசம்.

செருப்பு விஷயம் உங்களுக்குத் தெரியும், புதுசு போட்டுக்கொண்டு பயணம் போகிறவர்களை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். வெயிலில் நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால் சாயங்காலம் போய் வாங்குங்கள், கட்டைவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும். ஷூ போட்டால் தனிப் பருத்தி சாக்ஸ் வேண்டாம், அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், கொப்புளத்துக்கு அதுவே போதும். கலப்பு இழை சாக்ஸ் நல்லது, மதியத்தில் மாற்ற ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

தொப்பி என்றால் சுற்றிலும் விளிம்பு உள்ளது, ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம். கிரிக்கெட் தொப்பி மாதிரி முன்னால் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது காதையும் பிடரியையும் அப்படியே விட்டுவிடும். சன்ஸ்கிரீன் போடுகிறவர்கள் பாதத்தின் மேல்பக்கத்தை மறக்காதீர்கள், சாண்டல் பட்டையின் அச்சு எனக்கு இன்னும் இருக்கிறது, பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி தடவவேண்டும்.

அப்புறம் இந்தத் துப்பட்டா. மெல்லிய பருத்தி. வெளியே பிடரி மேல், ஒரு பாதியை மட்டும் நனைத்துப் பிழிந்து. அருங்காட்சியகத்துக்குள் போனால் தோளில் காய்ந்த பாதி, ஏனென்றால் வியர்த்த சட்டையோடு ஏசிக்குள் நுழைந்தால் ஐந்தே நிமிடத்தில் நடுங்கும். இது ஒன்று போதும், ஸ்வெட்டரைச் சுமக்கவேண்டாம்.

இப்போது எனக்குப் பெருமையான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாளிலிருந்து நான் போட்டது இதோ, இந்தப் பழைய காட்டன் பேன்ட், எட்டு வருஷமாகப் பல வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். இதை நான் வெளியூருக்கு எடுத்துப் போகாததற்கு ஒரே காரணம், இதில் பாக்கெட் கிடையாது. முதுகுப் பை போட்டால் முதுகு முழுக்க நனைகிறது, நெருக்கடியான தெருவிலும் ரயிலிலும் பை முதுகில் இருந்தால் மனம் பூராவும் அங்கேயே இருக்கிறது. இந்தத் தடவை போவதற்கு முன் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கையாலேயே ஒரு பாக்கெட் தைத்தேன். வலது பக்கத் தையலைப் பிரித்து, பழைய தலையணை உறைத் துணியில் ஒரு பை, வாய்க்கு ஜிப். ஆழத்தைப் பாருங்கள், போனை உள்ளே போட்டால் மேலே நான்கு விரல் மிச்சம் இருக்கிறது. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் விழாது. ஜிப் மேல்நோக்கி மூடும்படி வைத்தேன், முதலில் தலைகீழாக வைத்துவிட்டுப் பிரித்துத் தைத்தேன், அதனால்தான் இரண்டாவது சாயங்காலம். கூட்டத்தில் கை தானாகவே அங்கே போய் ஜிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவு நிம்மதி. மூன்று நாள் இதையேதான் போட்டேன். ராத்திரி வாஷ்பேசினில் அலசி, உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டி, அதன் மேல் ஏறி மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். விசிறிக்கு நேராக மாட்டினால் காலையில் காய்ந்திருக்கும். அண்ணன் கடைசி நாள் தன் ஜீன்ஸை மடித்து வைத்துவிட்டு, இதே மாதிரி ஒன்று தைத்துத் தரமுடியுமா என்று கேட்டார்.

அந்த மணல் நிற பேன்ட்டை வாங்கிவிட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நெரிசலோ வெயிலோ இல்லாத குளிர்காலத்தில் அது நன்றாகவே உழைக்கும், தூக்கிப் போடாதீர்கள். போன மாத வீடியோவின் கீழே திருத்தம் எழுதிவிட்டேன். பாக்கெட் எப்படித் தைப்பது என்பதை அடுத்த வாரம் அண்ணனின் பேன்ட்டில் காட்டுகிறேன், துணி வாங்கி வந்தாயிற்று, ஊதியும் பார்த்துவிட்டேன். ஜிப்பின் நிறத்தைத்தான் அவர் இன்னும் சொல்லவில்லை.