பாக்கெட்டில் இருக்க வேண்டிய கத்தி

வணக்கம் நண்பர்களே. முதலில் ஒரு சத்தத்தைக் கேளுங்கள். மைக்குக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன்.

டக்... டக்.

கேட்டதா? பாதி திறந்ததும் ஒரு தடவை, முழுதாகத் திறந்ததும் ஒரு தடவை. இந்தப் பேனாக்கத்தியை நான் வாங்கியதே இந்தச் சத்தத்துக்காகத்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய கத்தி. பிடி மான் கொம்பு, இரண்டு முனையிலும் உலோகப் பூண், உள்ளே ஒரு பெரிய அலகு, ஒரு சின்ன அலகு. அவ்வளவுதான். ஆனால் என்னிடம் இருக்கும் கத்திகளில் அதிகமாக என் கையில் இருப்பது இதுதான்.

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். கத்தியின் முதுகைப் பாருங்கள். நீளமாக ஒரு எஃகுப் பட்டை தெரிகிறது அல்லவா, அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதி, அதாவது பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பு, சதுரமாக இருக்கும். அலகைத் திறக்கும்போது சதுரத்தின் மூலை ஸ்பிரிங்கை மேலே தள்ளும். மூலை கடந்து தட்டையான பக்கம் வந்ததும் ஸ்பிரிங் இறங்கி உட்காரும். அந்த உட்காரல்தான் டக். பூட்டு எதுவும் கிடையாது. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த வகைக்கு ஸ்லிப்ஜாயிண்ட் என்று பெயர். சேகரிப்பவர்கள் வாங்குவதற்கு முன் 'நடையும் பேச்சும்' பார்ப்பார்கள். அலகு உரசாமல் சுழன்றால் நடை நன்றாக இருக்கிறது. டக் என்ற சத்தம் திடமாக விழுந்தால் பேச்சு நன்றாக இருக்கிறது.

இன்னொரு சோதனை உண்டு, நான் அதைத்தான் பெரிதாக மதிக்கிறேன். கட்டைவிரல் நகத்தை முதுகின் மேல் இப்படி ஓட்டுங்கள். மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கும் பிடியும் ஒரே மட்டமாக இருக்கின்றன. முழுதாகத் திறந்தால்... அதே மட்டம். பாதியில் நிறுத்தினாலும் நகம் எங்கேயும் தட்டவில்லை. மூன்று நிலையிலும் இந்த மட்டம் வர வேண்டுமென்றால், காம்பையும் ஸ்பிரிங்கையும் மயிரிழை மயிரிழையாக அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, கழற்றி, மறுபடி ராவ வேண்டும். ஷெஃபீல்டில் சின்னப் பட்டறைகளில் வேலை செய்தவர்களை அங்கே 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். அந்த மரபில் வந்த ஸ்டான் ஷா 14 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், 2021இல் 94 வயதில் இறந்தார். எழுபது ஆண்டுகளுக்கும் மேல் பேனாக்கத்தியே செய்தார், ஒரு கத்தியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தன் கையாலேயே முடிப்பார். என் கத்தியைச் செய்தவர் யார் என்று அதில் எழுதவில்லை. ஆனால் நகத்தை ஓட்டும்போதெல்லாம் அவருடைய வேலை விரலில் படுகிறது.

சரி, பூட்டு இல்லை என்று சொன்னேனே, அதில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விரலில் ஒரு வெள்ளைத் தழும்பு தெரிகிறதா? ஒரு மரக்கட்டையில் துளை போட, அலகின் நுனியை வைத்துக் குத்தி அழுத்தினேன். அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. ஸ்லிப்ஜாயிண்ட் இழுத்து அறுக்க, சீவ, நறுக்க உண்டானது. குத்தவும் நெம்பவும் அதைப் பயன்படுத்தவே கூடாது. கூரான பக்கத்தில் விசை விழும்போது அலகு திறந்தே இருக்கும், முதுகில் விசை விழுந்தால் மடங்கும். இதைக் கை பழகிக்கொள்ளும்வரை நிதானமாக வெட்டுங்கள்.

பூட்டு வேண்டுமென்றால் இதோ, ஓபினெல். ஜோசஃப் ஓபினெல் 1890இல் பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் செய்தது. 1897இல் இதை 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் கொண்டுவந்தார்கள். என் கையில் இருப்பது 8ஆம் எண், அலகு எட்டரை சென்டிமீட்டர். பீச் மரத்தில் ஒரு பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, கழுத்தில் ஒரு பூண், அதன் மேல் சுழலும் ஒரு வளையம். இந்த வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. அது 1955இல்தான் வந்தது. அதுவரை அறுபத்தைந்து ஆண்டுகள் மரத்தின் இறுக்கத்தை மட்டும் நம்பி மக்கள் இதை வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

மரம் என்பதால் ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும், அலகு வெளியே வராது. நகத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம். வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் அடி முனையை மேசை மேல் இப்படித் தட்டுங்கள். பாருங்கள், நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது. சவாய்க்காரர்களின் பழைய உத்தி இது.

இப்போது நான் அதிகம் பேச ஆசைப்படும் இடத்துக்கு வருகிறேன். இந்த அலகின் நிறத்தைப் பாருங்கள். வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டுகிறேன். நுனிப்பக்கம் கருநீலம், நடுவில் சாம்பல், இந்த ஓரத்தில் புறாக் கழுத்து மாதிரி ஒரு ஊதா மினுக்கம். வாங்கிய நாளில் இது கண்ணாடி மாதிரி வெள்ளையாக இருந்தது. இது கார்பன் எஃகு. ஆப்பிள் வெட்டினால் அதன் புளிப்பு அலகில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். அடுத்த நாள் வேறொன்று வெட்டினால் அதன் மேல் இன்னொன்று. இதைத் துரு என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள், எனக்கு மனசு பதைக்கிறது. சிவப்பாக, பொருபொருவென்று, விரலில் ஒட்டினால் அது துரு. அதை உடனே எடுக்க வேண்டும். சாம்பலும் நீலமுமாக, வழவழப்பாக, தேய்த்தாலும் விரலில் ஒட்டாமல் இருந்தால் அது படலம். துருவைத் தள்ளிப்போடுவதே அந்தப் படலம்தான். எலுமிச்சையிலோ வினிகரிலோ ஊறவைத்து ஒரே இரவில் இதை வரவழைக்கலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். இந்த ஊதாக் கறை எந்த மாதம் எந்த வேலையில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். ஒரே இரவில் வரவழைத்தால் அது தெரியாது.

துருப்பிடிக்காத எஃகும் அதே ஷெஃபீல்டில்தான், 1913இல் ஹாரி பிரெர்லியின் கையில் உருவானது. துப்பாக்கிக் குழலுக்கு எஃகு தேடப் போய்க் கண்டது. ஈரத்திலேயே வேலை செய்பவர்களுக்கு அது வரம், மறுக்கவில்லை. ஆனால் கார்பன் எஃகைக் கல்லில் வைத்தால் நாலு இழுப்பில் கூர் ஏறுகிறது. அதுதான் என் கட்சி.

அடுத்தது ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி. இதில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. மடித்த தகடுதான் பிடி. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் அலகு நிற்கும். ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த கத்தி. 1960களில் பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம் என்ற இயக்கம் வலுத்த பிறகு, செய்பவர்கள் குறைந்துபோனார்கள். பென்சில் சீவ இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

பழைய கத்தி வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பளபளப்பைப் பார்க்காதீர்கள். மெஷினில் மெருகேற்றிய பழைய கத்தியில் எழுத்துகள் மழுங்கியிருக்கும், விளிம்புகள் உருண்டிருக்கும். முதலில் அலகில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். எத்தனையோ ஆண்டுகள் தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்திருக்கலாம். மூடியபோது நுனி பிடிக்குள் முழுதாக மறைய வேண்டும். அப்புறம் அலகின் அடியில் அச்சடித்த எழுத்தைப் படியுங்கள். 1890இல் அமெரிக்கா போட்ட சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் 'இங்கிலாந்து' என்று அச்சு இருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய கத்தி. அமெரிக்காவின் கேஸ் என்ற கம்பெனியின் கத்திகளில் இன்னும் சுலபம். 1970இல் எழுத்துக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள், ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்தார்கள். இதோ என்னுடையதில் ஏழு புள்ளி, ஆக 1973. பக்கத்தில் 6254 என்று இருக்கிறதே, அதில் 6 என்றால் பெரும்பாலும் செதுக்கிய எலும்புப் பிடி, 2 என்றால் இரண்டு அலகு, 54 என்பது டிராப்பர் என்ற வடிவம். எண்ணைப் படித்துவிட்டுப் பிடியைப் பாருங்கள். எண் எலும்பு என்று சொல்லிப் பிடி வேறு ஏதாவதாக இருந்தால், யாராவது மாற்றியிருக்கலாம், விசாரியுங்கள்.

லாயோல் என்று எழுதியிருந்தால் மட்டும் இரண்டு மடங்கு கவனம். அது பிரான்சில் ஒரு ஊரின் பெயர், ஒரு கத்தி வடிவத்தின் பெயர். ஒரே கம்பெனியின் பெயர் அல்ல. முதுகில் தேனீ உருவம் இருப்பதும் எதற்கும் உத்தரவாதம் இல்லை. நகத்தை ஓட்டிப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

எனக்கு நேர்ந்த ஒரு இழப்பையும் சொல்ல வேண்டும். செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் பிடி போட்ட அழகான கத்தி ஒன்று இருந்தது, ஆமை ஓடு மாதிரி நிறம். அதை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் மூடி வைத்திருந்தேன். சில மாதம் கழித்துத் திறந்தால், பிடி வெடித்து நொறுங்கியிருந்தது, பக்கத்தில் இருந்த இரண்டு கத்திகளின் அலகு முழுக்கச் சொரசொரவென்று துரு. பழைய செல்லுலாய்டு சிதையும்போது அமிலப் புகையை விடும், மூடிய பெட்டியில் அது எஃகைத் தின்னும். அதோடு எளிதில் தீப்பற்றும் பொருள். வைத்திருந்தால் தனியாக, காற்றோட்டமாக, வெயில் படாமல் வையுங்கள். தோல் உறைக்குள்ளும் நீண்ட நாள் போட்டு வைக்காதீர்கள், பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

பெட்டிக்குள்ளேயே கிடந்ததால்தான் அது எனக்குத் தெரியாமல் போனது. அதன் பிறகு வழக்கத்தை மாற்றினேன். வாரம் ஒரு கத்தி பாக்கெட்டுக்கு வரும். அந்த வாரத்து வேலை எல்லாம் அதற்குத்தான். அதனால் இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது திறந்து பார்த்துவிடுகிறேன். இருபது இருந்ததைக் கொடுத்துவிட்டு ஒன்பதாக்கிக்கொண்டேன். ஒரே ஒரு விலக்கு: நூறு ஆண்டாக ஒருவரும் தீட்டாத, தொழிற்சாலைக் கூர் அப்படியே இருக்கும் கத்தி கிடைத்தால் அதைத் தீட்டாதீர்கள். அந்தக் கூரை மறுபடி யாராலும் வைக்க முடியாது.

வெளியே எடுத்துப் போவதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டம். பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்திக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பூட்டு உள்ள ஓபினெலுக்குத் தக்க காரணம் வேண்டும். உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் வேண்டவே வேண்டாம்.

இப்போது தீட்டிக் காட்டுகிறேன். சுழலும் மெஷின் சாணை வேண்டாம். மெல்லிய அலகு நொடியில் சூடேறி, கூர்ப்பக்கம் நீலம் பாய்ந்து, எஃகின் கடினம் போய்விடும். சாதாரணக் கல் போதும். அலகின் அகலம் ஒன்றரை சென்டிமீட்டர். முதுகைக் கல்லிலிருந்து 4 அல்லது 5 மில்லிமீட்டர் தூக்கினால் 15 முதல் 20 டிகிரிக்குள் வரும். கையை அதே உயரத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக இழுக்கிறேன். மறுபக்கத்தில் விரலைக் குறுக்கே தடவினால் ஒரு பிசிறு தட்டுகிறது. அது நுனி முதல் அடி வரை வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும், அவசரப்பட்டு மாற்றுவதால்தான் நிறையப் பேருக்குக் கூர் வருவதில்லை. மறுபக்கமும் ஆயிற்று. கடைசியாக ஒரு தோல் பட்டையில், கூரைப் பின்னால் விட்டு, முதுகு முன்னே போக, பத்து இழுப்பு.

துடைத்தாயிற்று. சுழலும் ஆணியில் ஒரு சொட்டு மினரல் எண்ணெய். சமையல் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி நடையைக் கெடுக்கும். மூடும்போது அலகைச் சடக்கென்று விடாதீர்கள், தீட்டிய கூர் ஸ்பிரிங்கில் மோதிப் பல் விழும். இப்படி விரலால் தாங்கிக் கடைசி வரை கொண்டுபோக வேண்டும்.

டக்.

இந்த வாரம் ஷெஃபீல்டுக்காரர் என் பாக்கெட்டில். அடுத்த வாரம் ஹிகோனோகாமியில் பென்சில் சீவலாம், வாருங்கள்.