கொழும்புக் கடலில் கரைந்த பெயர்கள்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற நினைவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலுள்ள பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

உயிர்த்த ஞாயிறு என்று இந்த நகரத்தில் ஒருவர் சொன்னால், 2019க்குப் பிறகு நம் மனம் அந்த ஆண்டு அந்நாளில் குண்டு வெடித்த கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குத்தான் போகிறது. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. ஆனால் என் அம்மம்மாவுக்கு அந்தச் சொல் வேறொரு காலையைக் குறித்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, கொட்டாஞ்சேனையில் பூசைக்காக நின்ற சிறுமியாக, பாட்டு நடுவில் அறுந்துபோனதையும், தாயார் தன் தலையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்து மூடிக்கொண்டதையும் அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலையில் நம் தலைக்கு மேல் பறந்து திரும்பி வராத விமானிகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அது இரண்டாம் உலகப் போர்க்காலம். பிரித்தானியர் ஆண்ட இலங்கையை ஜப்பானியர் தாக்க வருகிறார்கள் என்ற எச்சரிக்கை முதல்நாளே வந்திருந்தது. கொக்கல வாவியிலிருந்து புறப்பட்ட கட்டலீனா கடல் விமானமொன்றைக் கனடா நாட்டு விமானி லெனார்ட் பேர்ச்சல் செலுத்திச் சென்றார். இலங்கைக்குத் தென்கிழக்கே வெகுதொலைவில் ஜப்பானியக் கடற்படையைக் கண்ட அவர், செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். உடன் இருந்தவர்களோடு சேர்த்து ஒன்பது பேர். மூவர் மாண்டனர், ஆறு பேர் சிறைப்பட்டனர். பேர்ச்சல் போர் முடியும்வரை கைதியாக இருந்து உயிரோடு மீண்டார், பேரும் பெற்றார். மாண்ட மூவரை எத்தனை பேர் நினைக்கிறோம்?

ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் மறுநாள் காலை ஏழரை மணியை அண்டிக் கொழும்பை நெருங்கின. எதிரி வருவான் என்று தெரிந்திருந்தும், அவன் தலைக்கு மேல் வந்துவிட்டான் என்ற தகவல் இரத்மலானை விமானத்தளத்துக்கு உரிய நேரத்தில் எட்டவில்லை. தரையிலிருந்து எழும்பும் போர் விமானத்துக்கு வேகமும் இல்லை, உயரமும் இல்லை. சண்டையில் அந்த இரண்டுமே அதற்குக் கவசம். அங்கிருந்த ஹரிக்கேன் என்ற பிரித்தானியப் போர் விமானங்களின் விமானிகள் அவ்விரண்டும் இல்லாமலே ஏற வேண்டியிருந்தது.

இன்னொரு அணி, நாம் இன்று மாலை நேரங்களில் பிள்ளைகளோடு உலாவப் போகும் ரேஸ்கோர்ஸ் திடலிலிருந்து கிளம்பியது. ஆம், அந்தக் குதிரைப் பந்தயத் திடல்தான் அப்போது ஓடுபாதை. அப்படியொரு தளம் நகரின் நடுவில் இருப்பதை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை. அதனால் அங்கிருந்த 258ஆம் அணியின் 14 ஹரிக்கேன்கள் ஒழுங்காக வானேற முடிந்தது. பிரித்தானியர், நியூசிலாந்துக்காரர், அமெரிக்கர் என்று பல நாட்டு இளைஞர்கள் கலந்த அணி அது. சிங்கப்பூரிலும் சுமாத்திராவிலும் தோற்றுத் தப்பி வந்து, ஓய்வு காணாமலே மீண்டும் ஏறியவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்த 14 விமானங்களில் ஒன்பது அழிந்தன; ஐந்து விமானிகள் இறந்தனர். மொத்தச் சண்டையும் ஒரு பூசை முடியும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

என்னை மிகவும் வருத்துவது, திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து இரத்மலானையை நோக்கி வந்துகொண்டிருந்த சுவோட்ஃபிஷ் என்ற பிரித்தானியக் கடற்படை விமானங்கள் ஆறின் முடிவு. துணி போர்த்திய உடல், இரட்டை இறக்கை, திறந்த இருக்கை. வயிற்றின் கீழே, நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் கனத்த டோர்பீடோ. மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பறக்கக்கூடிய ஜப்பானியரின் சீரோ போர் விமானங்களின் முன்னால், அதில் பாதி வேகம்கூட இல்லாத அவை சிக்கின. ஆறும் வீழ்ந்தன. அவற்றில் வந்தவர்கள் சண்டைக்கென்று அந்த வானுக்குள் நுழைந்தவர்களே அல்லர். தளம் மாறப் புறப்பட்டு, நடுவழியில் அகப்பட்டுக்கொண்டவர்கள்.

விமானியின் சாவில் ஒரு தனித் துயரம் இருக்கிறது. பல வேளைகளில் உடல் கிடைப்பதில்லை. வீட்டுக்குப் போகும் தந்தியில் 'காணாமற்போனார்' என்ற ஒரு சொல்தான் இருக்கும். மாதக்கணக்கில் காத்திருந்த பின்னரே, இறந்ததாகக் கருதப்படுகிறது என்று இன்னொரு கடிதம் வரும். அந்த இடைவெளியில் ஒரு தாய் எப்படி வாழ்ந்திருப்பாள் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்தபடி தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரை நாம் அறிவோம்.

வானத்திலிருந்து விழுந்த குண்டுகளை நினைவில் சுமக்கும் மக்கள் நாம். போர் விமானி ஒருவரை நினைவுகூர நம்மை ஏன் அழைக்கிறீர்கள் என்று இங்கு வரும் வழியில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நான் போரைப் போற்ற வரவில்லை. அன்று குண்டு வீச வந்து திரும்பாத ஜப்பானிய விமானிகளுக்கும் வீடுகள் இருந்தன. ஆயினும், நம் ஊர் எரியாமல் இருக்க முயன்று நம் கடலில் விழுந்த ஒருவருக்கு நம்மிடம் ஓர் உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன். அவருடைய தாய்க்கு எட்டாத இடத்துக்கு அருகில் வாழ்பவர்கள் நாம்.

வீழ்ந்த இடத்தில் கல் நட்டு, அதில் பெயரும் செயலும் பொறித்து, மயிற்பீலி சூட்டி, வழிப்போக்கரும் நின்று கும்பிட்டுப் போகும்படி வைத்தவர்கள் நம் முன்னோர். இங்கே அது நேர்மாறாகிவிட்டது. கல்லறை இல்லாமற்போன பிரித்தானிய வான்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில் இருக்கின்றன. சுவோட்ஃபிஷ் போன்ற கடற்படை விமானங்களில் சென்று அப்படியே மறைந்தவர்களுக்கு இங்கிலாந்தின் தென்கரையில், லீ-ஒன்-சோலண்ட் என்ற ஊரில் நினைவகம் உண்டு. விழுந்த கடல் இங்கே இருக்க, பெயர் பல்லாயிரம் மைல் தள்ளி நிற்கிறது.

வருகிற ஏப்ரல் 5ஆம் திகதி காலை ஏழரை மணிக்கு ரேஸ்கோர்ஸ் திடலில் சிலராவது கூடுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். அங்கிருந்து ஏறித் திரும்பாத ஐவரின் பெயர்களையும் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். என் அம்மம்மா இருந்திருந்தால், அன்று பாதியில் அறுந்துபோன பாட்டின் மிச்சத்தை அங்கு நின்று பாடியிருப்பார்.